கயாக்குக்குள்ள தண்ணி பூருதா? ஓட்டையை அடியில மட்டும் தேடாதீங்க

"தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை"ன்னு நம்ம வேலூரைக் கிண்டல் பண்றது பழைய கதை. 2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் அடைச்சிகினு ஓடினதுக்கு அப்புறம் அந்தக் கிண்டல் கொஞ்சம் அடங்கிடுச்சு. மழை நல்லா பேஞ்ச வருஷம் காவேரிப்பாக்கம் ஏரி, மோர்தானா அணை, ராஜாதோப்பு அணைன்னு தண்ணி நிக்குது, விரால் புடிக்கணும் ஜிலேபி புடிக்கணும்னு ஃபிஷிங் கயாக் (துடுப்பு போட்டு ஓட்டற சின்ன படகு) வாங்கி மொட்டை மாடியில கவுத்து வச்சிருக்கறவங்களும் நம்ம பக்கம் இருக்காங்க. அவங்க கேக்கற கேள்வி முக்காவாசி ஒண்ணுதான்: "ப்ரோ, ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு கரைக்கு வந்து ப்ளக்கைக் கழட்டினா உள்ள இருந்து தண்ணியா கொட்டுது, ஹல் (கயாக்கோட உடம்பு) ஓட்டையாயிடுச்சா?"

பெரும்பாலும் இல்லைங்க. அடியில ஓட்டை விழுறது கம்மி, தண்ணி பூர்றது மேல இருந்துதான். சாமான் வைக்கிற ஹேட்ச் மூடி, உள்ள இருக்கற தண்ணியை வெளிய விடற ட்ரெயின் ப்ளக், தூண்டிலை நிக்க வைக்கிற ராட் ஹோல்டர் மாட்டறதுக்கு நாமளே போட்ட ஸ்க்ரூ ஓட்டை, ஸ்கப்பர்ங்கற தண்ணி வடியற குழாயோட ஓரம், இந்த நாலு இடத்தை விட்டுட்டு நேரா அடியில கீறல் இருக்கற இடமா பாத்து சிலிக்கானை அப்பறதுதான் முதல் தப்பு. கீறல் வேற, ஓட்டை வேற. ஹல் சுவர் 4-லேருந்து 6 மில்லிமீட்டர் கனம் இருக்கும், கல்லுல உரசி வெள்ளைக் கோடு விழுந்ததுக்கெல்லாம் தண்ணி உள்ள வராது. நகத்தை வச்சு இழுத்துப் பாருங்க, நகம் நல்லா மாட்டி நின்னா அப்ப யோசிக்கலாம்.

அதுக்காக உள்ள பூர்ற தண்ணியை லேசா எடுத்துக்காதீங்க. 1 லிட்டர் 1 கிலோ, வீட்டுக்கு வர்ற கேன் தண்ணி ஒண்ணு அளவு உள்ள பூந்தாலே 20 கிலோ. அந்த 20 கிலோ ஒரே இடத்துல உக்காந்தா பரவால்ல, அது உக்காராது, நீங்க மீனை இழுக்க ஒரு பக்கம் சாஞ்சா அதுவும் அதே பக்கம் ஓடி வந்து உங்களைக் கவுக்கப் பாக்கும். ஆனா முடிவுல ஒரு டம்ளர் தண்ணி வந்தா பயப்படத் தேவையில்ல, வெளிய வெயிலு, அடியில குளிர்ந்த தண்ணி, உள்ள அடைஞ்ச காத்து வேர்த்து கொஞ்சம், ஹேட்ச் ஓரமா கசிஞ்சு கொஞ்சம்னு அவ்ளோ வரும், ஸ்பாஞ்ச் போட்டு தொடச்சிட்டுப் போலாம்.

சரி, எங்க ஒழுகுதுன்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது? உள்ள தண்ணி ஊத்தி வெளிய எங்க சொட்டுதுன்னு பாக்கலாம், நல்ல வழிதான், ஆனா ரெண்டு செங்கல்லு மேல முன்னயும் பின்னயும் தூக்கி வச்சிகினு பக்கெட் பக்கெட்டா ஊத்தறாங்க பாருங்க, அது தப்பு. பத்து பக்கெட்னா 150 கிலோவுக்கு மேல போயிடும், நடுவுல தாங்க எதுவும் இல்லாம ஹல் அப்படியே தொங்கும், இல்லாத விரிசலை நீங்களே வர வச்சிடுவீங்க. புல் தரையில இல்ல மணல்ல முழுசா படுக்க வச்சு, நாலஞ்சு பக்கெட் மட்டும் ஊத்தி, பக்கம் பக்கமா சாய்ச்சுப் பாருங்க. வெளிப்பக்கம் சாக்பீஸ் பொடி தூவிட்டா ஈரம் படற இடம் பளிச்சுனு தெரியும்.

ஆனா இந்த டெஸ்ட்டுல மேல் பக்கத்து ஓட்டை மாட்டாது. அதுக்கு சோப்புத் தண்ணி. ஹேட்ச் எல்லாத்தையும் மூடிட்டு, ப்ளக் ஓட்டையில துணி சுத்தி ஒரு சின்ன ப்ளோயர் வாயை வச்சு மெதுவா காத்து விடணும், பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கரைச்சு பெயிண்ட் பிரஷ்ல ஒவ்வொரு ஸ்க்ரூ மேலயும், ஹேட்ச் ஓரத்துலயும், ஸ்கப்பர் உள்சுவத்துலயும் தடவணும். காட்பாடி நண்பர் ஒருத்தர் கயாக்கை இப்படிப் பாத்தோம். அடியில எல்லாம் கிளீன். ராட் ஹோல்டர்ல நாலு ஸ்க்ரூ, மூணு சும்மா இருக்கு, நாலாவது தலை ஓரத்துல மட்டும் சின்னச் சின்ன குமிழா நுரை வந்துகினே இருந்துச்சு, தொடச்சா மறுபடி வரும். அவரு அதுக்கு முன்னாடியே அடிப்பக்கம் முழுக்க ரெண்டு ட்யூப் சிலிக்கான் காலி பண்ணி வச்சிருந்தாரு. இதுல இன்னொரு விஷயம், பஞ்சர் கடை கம்ப்ரசர் காத்தை மட்டும் விட்டுடாதீங்க, அது லாரி டயருக்கான காத்து, கயாக் ஊதிப்போய் ஹேட்ச் ஓரமே பிளந்துடும். "ஒரு செகண்டு தான் நைனா, ஒண்ணும் ஆவாது"ன்னு சொல்லுவாங்க, கேக்காதீங்க.

இப்ப நம்ம ஊருக்குன்னே இருக்கற தப்புக்கு வர்றேன். வெயில். மே மாசம் வேலூர்ல 40 டிகிரியைத் தாண்டறது சாதாரணம், கயாக்கை கார் மேல கட்டி ப்ளக், ஹேட்ச் எல்லாத்தையும் டைட்டா மூடிட்டு ஆற்காடு ரோட்டுல ஒரு மணி நேரம் ஓட்டிட்டு ஏரிக்கரையில இறக்கறோம். உள்ள இருக்கற காத்து சூடாகி விரிஞ்சு ஹல்லை உப்ப வச்சு, வழி கெடச்ச இடத்துல கொஞ்சம் வெளிய போயிடும். அதே சூட்டோட தண்ணியில இறக்கினதும் என்னாகும்? காத்து குளிர்ந்து சுருங்கும். 50 டிகிரியில இருந்து 30-க்கு இறங்கினாலே கிட்டத்தட்ட 6 சதவீதம் சுருங்கிடும், ஹல் கொஞ்சம் உள்வாங்கி ஈடு கட்டப் பாக்கும், மிச்சத்தை எங்கயாவது இருந்து இழுத்தாகணும். லூஸான ஸ்க்ரூ தண்ணி மட்டத்துக்குக் கீழ இருந்தா அங்க இருந்து தண்ணியைத்தான் இழுக்கும். வீட்ல தொட்டியில போட்டுப் பாத்தப்ப ஒழுகலை, ஏரியில மட்டும் ஒழுகுதுன்னு மண்டையைப் பிச்சிக்கிறவங்க கதை முக்காவாசி இதுதான்.

அதனால கார்ல போறப்ப, வீட்ல வைக்கிறப்ப ப்ளக் கழண்டே இருக்கட்டும், ஹேட்ச்சும் லேசா தொறந்தே இருக்கட்டும். கரைக்கு வந்ததும் பத்து நிமிஷம் நிழல்ல போட்டு மேல நாலு குடம் தண்ணி ஊத்தி, அப்புறமா ப்ளக்கைப் போட்டு இறக்குங்க. போட மறந்துட்டு இறக்கறவங்களும் இருக்காங்க, அதுக்கு ப்ளக்கை துடுப்புல கயிறு போட்டுக் கட்டி வைக்கிறது நல்ல ஐடியா. ஸ்ட்ராப்பை வெயில்ல முறுக்கி முறுக்கி இழுக்கறதும் வேணாம், கயாக் செஞ்சிருக்கற பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் சூடானா மெத்துனு இருக்கும், அந்த இடம் குழியா உள்ள போயிடும். மாடியில வைக்கிறவங்க நிழல் பாத்து வைங்க, தார்ப்பாய் மட்டும் ஒட்டிப் போத்தாம இடைவெளி விட்டுக் கட்டுங்க, கவுத்து வச்சு அடியில ரெண்டு இடத்துல அகலமா ஃபோம் கொடுங்க. வருஷக்கணக்கா நேர் வெயில்ல கெடந்த பாலிஎத்திலீன் மொறமொறன்னு ஆயிடும், அதுக்கப்புறம் நீங்க என்ன ஒட்டினாலும் பக்கத்துலயே இன்னொரு விரிசல் வரும்.

அடுத்தது டிரில் மெஷின். கயாக் வந்த அன்னிக்கே கையில டிரில்லோட நிக்கிறவங்க நம்ம ஆளுங்க, ராட் ஹோல்டர் ரெண்டு, மொபைல் ஸ்டாண்டு ஒண்ணு, தண்ணிக்கடியில மீன் எங்க இருக்குன்னு காட்டற ஃபிஷ் ஃபைண்டர் ஒண்ணு, நங்கூரக் கயிறுக்கு ஒரு வளையம். போடுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா மரத்துக்குப் போடற ஸ்க்ரூவை பிளாஸ்டிக்ல நேரா ஏத்தினா அது புடிக்கிறது அஞ்சாறு மில்லிமீட்டர் சுவத்துல மட்டும்தான், மீன் நாலு வாட்டி இழுத்தா ஓட்டை வட்டமா இல்லாம நீளமா ஆயிடும், அப்புறம் ஸ்க்ரூ இருக்கும், புடிப்பு இருக்காது. ஹேட்ச் வழியா கை போகற இடம்னா ஸ்டெயின்லெஸ் போல்ட்டு, உள்பக்கம் பெரிய வாஷர், நட்டு. கை போகாத இடம்னா உள்ள போய் மூணு காலா விரியற ரிவெட்டு. அலுமினிய டோர் செய்யறவங்க அடிக்கிற சாதா ரிவெட்டு வேணாம், அது உள்பக்கம் சின்னதா உருண்டு பிளாஸ்டிக்கை அறுத்துகினு வெளிய வந்துடும். எதைப் போட்டாலும் அடியில ரப்பர் வாஷரோ சிலிக்கானோ கண்டிப்பா இருக்கணும். புளிச்ச வாசனை அடிக்கற சிலிக்கான் உலோகத்தை அரிக்கும், அது இல்லாத நியூட்ரல் டைப் கேட்டு வாங்குங்க, போட்டுட்டு ஒரு நாள் முழுசா காய விடுங்க. ஃபிஷ் ஃபைண்டர் சென்சாருக்காக அடியில ஓட்டை போடவே போடாதீங்க, ஒத்தைச் சுவர் பிளாஸ்டிக்கு, உள்பக்கமே காத்துக் குமிழி இல்லாம பதிச்சு வச்சாலும் சென்சார் ஏரியோட அடி வரைக்கும் பாக்கும்.

தண்ணிக்குக் கீழ நெஜமாவே விரிசல் வர்ற இடம்னு பாத்தா ஸ்கப்பர்தான், கால் வைக்கிற இடத்துல இருந்து நேரா அடி வரைக்கும் போற அந்தக் குழாய் ஓட்டை. குழாயும் ஹல்லும் சேர்ற மூலையில பிளாஸ்டிக் மெல்லிசா இருக்கும். கயாக்கை வச்சு இழுக்கற ரெண்டு சக்கரத் தள்ளுவண்டியோட கம்பியை இந்த ஓட்டைக்குள்ள சொருகி, மேல ஐஸ் பொட்டி பேட்டரி எல்லாத்தையும் ஏத்திகினு மேடு பள்ளத்துல இழுத்துட்டுப் போனா மொத்த வெயிட்டும் அந்த மூலையிலதான் குத்தும். பொட்டியைத் தனியா தூக்கிட்டுப் போங்க, இல்லன்னா ஹல்லை கீழ இருந்து தாங்கற பெல்ட் டைப் வண்டி வாங்குங்க. ஏரிக்கரை சரளையில மூக்கைத் தூக்கிப் புடிச்சி பின்பக்கத்தைத் தேச்சு இழுக்கறதும் அப்படித்தான், ரொம்ப நாள் கழிச்சு பின் அடி காகிதமா தேஞ்சு நிக்கும். அப்புறம் நம்ம ஏரிங்கள்ல தண்ணி இறங்கறப்ப சீமைக் கருவேலம் வெட்டின கட்டை கூரா தண்ணி மட்டத்துக்குக் கீழயே நிக்கும், மேல இருந்து தெரியாது, கரையோரம் வேகமா துடுப்பு போடாதீங்க. காத்தடிச்ச கயாக் வச்சிருக்கறவங்களுக்கு கட்டை கூட வேணாம், கரையில கெடக்கற முள்ளே போதும், இறக்கறதுக்கு முன்னாடி அடியில ஒரு பழைய பாய் விரிச்சிக்கோங்க.

விரிசல் வந்தே வந்துடுச்சு, இப்ப இன்னா பண்றது? எம்-சீல், ஃபெவிக்விக், அரால்டைட்னு வீட்ல இருக்கறதை எல்லாம் எடுத்துகினு வராதீங்க. பாலிஎத்திலீன் மேல சாதாரண பசை எதுவும் உருப்படியா ஒட்டாது. பாக்க கல்லு மாதிரி இறுகி இருக்கும், ஒரு நாள் வெயில்ல ஹல் விரிஞ்சு சுருங்கினா ஓரத்துல நகம் வச்சு அப்படியே பேத்து எடுத்துடலாம். சிலிக்கானும் ஒட்டறது இல்ல, ஸ்க்ரூ தலைக்கு அடியில நசுங்கி அடைச்சிகினு நிக்கிற வரைக்கும்தான் அதுக்கு வேலை, விரிசல் மேல சும்மா பூசினா பிரயோஜனம் இல்ல.

சரியான வழி வெல்டிங். பெரும்பாலான ஃபிஷிங் கயாக்கு நம்ம மாடியில நிக்கிற தண்ணி டேங்க் செய்யற அதே முறையில, பாலிஎத்திலீன் பவுடரை அச்சுல போட்டு சூட்டுல சுத்திச் செய்யறதுதான். அதனால டேங்க் ஒட்டற வேலை தெரிஞ்சவர் இதையும் பண்ணுவார், என்ன பண்ணணும்னு நீங்க கூட நின்னு சொல்லணும், அவ்ளோதான். மொதல்ல விரிசலோட ரெண்டு முனையிலயும் 3 மில்லிமீட்டர் ஓட்டை போடச் சொல்லுங்க, இல்லன்னா ஒட்டினதைத் தாண்டி விரிசல் ஓடும். அப்புறம் விரிசலை கத்தியால வி ஷேப்புல செதுக்கி, ஸ்பிரிட் போட்டுத் தொடச்சு, அதே வகை பிளாஸ்டிக் குச்சியை ஹாட் ஏர் கன்னுல உருக்கி நிரப்பணும். கையில கெடச்ச பக்கெட்டு மூடியை வெட்டி உருக்க விடாதீங்க, அது வேற பிளாஸ்டிக்கா இருக்கலாம். முதல்ல ஒரு ஓரத்துல ஒரு பொட்டு ஒட்டி ஆற விட்டு இழுத்துப் பாருங்க, உரிஞ்சு வந்தா வகை மாறிப்போச்சுன்னு அர்த்தம். குச்சி மட்டும் உருகி ஹல் உருகலன்னாலும் புடிக்காது, கருகிப் புகைஞ்சா சூடு அதிகம். உள்ள தெர்மகோல் ஃபோம் வச்சிருந்தா வேலைக்கு முன்னாடி வெளிய எடுத்துடுங்க, பத்திக்கும். ஒட்டினது முழுசா ஆறினதும் மேல சொன்ன சோப்புத் தண்ணி டெஸ்ட்டு மறுபடி.

சில்லறை விஷயம் ரெண்டு. ஹேட்ச் ரப்பர் காஞ்சு போச்சுன்னு வேஸ்லின் தடவறாங்க, பெட்ரோலியம் ஜெல்லி சில ரப்பரை உப்ப வச்சு கெடுத்துடும், சிலிக்கான் கிரீஸ் வாங்கித் தடவுங்க. ட்ரெயின் ப்ளக் ஒழுகுச்சுன்னா பிளையர் போட்டு முறுக்காதீங்க, பாதி நேரம் மரையில மணல் மாட்டியிருக்கும், பழைய டூத் பிரஷ்ல தேச்சு வாஷரை மட்டும் மாத்தினா போதும்.

எல்லாம் பாத்தாலும் ஒரு நாள் ஒழுகத்தான் செய்யும். வெல்டிங் முடிச்சு உள்ள ஃபோமைத் திருப்பி வச்சிடுங்க, தண்ணி நெறைஞ்சாலும் கயாக் மொத்தமா முழுகாது. லைஃப் ஜாக்கெட்டை சீட்டுக்கு முட்டுக் கொடுக்காம உடம்புல மாட்டுங்க. ரிப்பேர் பண்ண கயாக்கை நேரா மோர்தானா ஆழத்துல இறக்காம, இடுப்பளவு தண்ணியில கரையை ஒட்டியே அரை மணி நேரம் ஓட்டி, ஹேட்ச்சைத் தொறந்து டார்ச் அடிச்சு அந்த வெல்டிங் கோட்டை ஒரு டிஷ்யூ பேப்பரால ஒத்திப் பாருங்க. பேப்பர் காஞ்சு வந்தா விராலைத் தேடி உள்ள போலாம், அதுக்கும் முன்னாடி மீன்பாசி குத்தகை எடுத்தவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.