எச்-1பி கிடைத்தாயிற்று, இனி கிரீன் கார்டுக்கு என்ன செய்வது?

அமெரிக்காவில் எச்-1பி என்பது தற்காலிக வேலை விசா, கிரீன் கார்டு என்பது நிரந்தரமாகத் தங்கும் உரிமை. வேலை வழியாகக் கொடுக்கும் கிரீன் கார்டு வருஷத்துக்குச் சுமார் 1,40,000. இந்த எண்ணிக்கைக்குள்தான் மனைவி, கணவர், பிள்ளைகள் எல்லோரும் அடக்கம். எந்த நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது 1990 சட்டத்தின் கணக்கு. எந்தத் தேதியில் வரிசையில் சேர்ந்தவருக்கு முறை வந்திருக்கிறது என்று மாதாமாதம் சொல்வது விசா புல்லட்டின். விளைவு, 2025 டிசம்பர் விசா புல்லட்டினில் இந்தியர்களுக்கான இபி-2 (முதுகலை அளவுத் தகுதி கேட்கும் வேலைகளுக்கான பிரிவு) தேதி 2013 மே மாதத்தில் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்து "சரி, 12 வருஷம் காத்திருந்தால் போதும்" என்று கணக்குப் போடாதீர்கள். பின்னால் நிற்கும் கூட்டம் முன்னால் இருந்ததைவிடப் பெரியது, இன்று சேர்பவர் அதைவிட அதிகம் நிற்க வேண்டியிருக்கும்.

அதனால் கார்டை இப்போதைக்கு மறந்துவிட்டு, உங்களுக்காகக் கம்பெனி போடும் கிரீன் கார்டு மனுவான ஐ-140-ன் அப்ரூவலைக் குறியாக வையுங்கள். எச்-1பிக்கு 6 வருஷம்தான் உச்சவரம்பு. ஐ-140 அப்ரூவ் ஆகி உங்கள் தேதி இன்னும் வரவில்லை என்றால், அந்த வரம்பைத் தாண்டி மூன்று மூன்று வருஷமாக நீட்டிக்கலாம். பிரையாரிட்டி டேட் என்கிற வரிசைத் தேதியும் அப்ரூவலோடு உங்கள் பெயரில் ஒட்டிக்கொள்ளும். வேறு கம்பெனிக்குப் போனால் அங்கே பெர்மும் (அந்த வேலைக்கு அமெரிக்காவில் ஆள் கிடைக்கவில்லை என்று கம்பெனி தொழிலாளர் துறையில் வாங்கும் சான்று) ஐ-140-ம் புதிதாகத்தான் போட வேண்டும், ஆனால் பழைய தேதி கூடவே வரும். அப்ரூவலாகி 180 நாள் கடந்துவிட்டால், பழைய கம்பெனி கோபத்தில் அதைத் திரும்பப் பெற்றாலும் தேதிக்கும் நீட்டிப்புக்கும் ஆபத்தில்லை. ராஜினாமாக் கடிதம் எழுதுமுன் காலண்டரில் இந்த 180 நாளை எண்ணிப் பாருங்கள்.

எனவே ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுமுன்பே கேட்க வேண்டிய கேள்வி, "பெர்ம் எப்போது தொடங்குவீர்கள்?" என்பது. "ஒரு வருஷம் போகட்டும், பெர்ஃபாமன்ஸ் பார்த்துச் செய்கிறோம்" என்பதுதான் வழக்கமான பதில். அதை அப்படியே விட்டுவிட்டால் ஒரு வருஷம் இரண்டாகும், நடுவில் மேனேஜர் மாறிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். சம்பளத்தில் ஐயாயிரம் டாலர் பேரம் பேசுவதைவிட இந்தப் பேரம் லாபம் என்பது என் கட்சி, ஏனென்றால் பெர்ம் தொழிலாளர் துறையில் பதிவாகும் நாள்தான் உங்கள் வரிசைத் தேதி. அதற்கு முன் சம்பள நிர்ணயத்துக்கு மாதக்கணக்கில் போகும், அப்புறம் விளம்பரம் போட்டு உள்ளூரில் ஆள் தேட வேண்டும், பதிவான பிறகும் முடிவு வர ஒரு வருஷத்துக்கு மேல் இழுக்கும். ஆறாவது வருஷம் முடிவதற்கு 365 நாள் முன்பாவது பெர்ம் பதிவாகியிருந்தால் ஒவ்வொரு வருஷமாகவாவது நீட்டிக்கலாம். அதையும் தவறவிட்டவர் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

பெர்முக்கான வக்கீல் கட்டணமும் விளம்பரச் செலவும் கம்பெனி தலையில்தான், விதி அப்படி. சில கன்சல்டன்சிகள் அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதும், "இரண்டு வருஷத்துக்குள் போனால் பெர்ம் செலவைத் திருப்பிக் கொடு" என்று பாண்டு எழுதி வாங்குவதும் விதிக்குப் புறம்பு. அப்படி ஒரு தாள் நீட்டினால் கையெழுத்துப் போடுமுன் வெளி வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். கம்பெனி வக்கீல் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவருக்குப் பணம் கொடுப்பது கம்பெனி.

அடுத்தது அனுபவச் சான்றிதழ். பலருக்கும் தலைவலி இங்கேதான். கிரீன் கார்டுக்கு ஸ்பான்சர் செய்யும் கம்பெனியில் சேர்த்த அனுபவம் பெரும்பாலும் கணக்கில் வராது, அதற்கு முந்தைய வேலைகள்தான் உதவும். சென்னையில் எச்ஆரிடம் கேட்டால் "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை சீனியர் சிஸ்டம்ஸ் இன்ஜினியராகப் பணிபுரிந்தார், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்" என்று மூன்று வரியில் ஒரு தாள் வரும். அது போதாது. முழுநேர வேலையா, என்ன வேலை செய்தீர்கள், எந்தெந்தத் தொழில்நுட்பம் என்று விவரமாக லெட்டர்ஹெட்டில் வேண்டும். எச்ஆர் "எங்கள் ஃபார்மட் இவ்வளவுதான்" என்று கைவிரித்தால், அன்று கூட வேலை பார்த்த மேனேஜரோ சக ஊழியரோ தங்கள் பெயரில் எழுதித் தரலாம், அதோடு அந்த மூன்று வரித் தாளையும் சேர்த்து வைக்கலாம். அந்த மேனேஜர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்திருக்கும்போதே வாங்கிவிடுவது நல்லது. பி.எஸ்சி., பி.சி.ஏ. என மூன்று வருஷப் படிப்பு மட்டும் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இங்கே நான்கு வருஷ டிகிரிதான் இளங்கலை என்பதால், பெர்மில் தகுதியை எந்த வார்த்தையில் எழுதுகிறார்கள் என்பதிலேயே ஐ-140 தப்புவதும் விழுவதும் இருக்கிறது. டிராஃப்ட் வந்ததும் வரி வரியாகப் படியுங்கள்.

ஐ-140 மனு கம்பெனியுடையது, அதனால் அப்ரூவல் நகலைத் தர மறுக்கும் கம்பெனிகளும் உண்டு. குறைந்தபட்சம் ரசீது எண்ணையாவது வாங்கி வையுங்கள். அதை வைத்து நிலையைப் பார்க்கலாம், அடுத்த கம்பெனி வக்கீலுக்கும் உதவும்.

ஊரிலிருந்து வரவேண்டிய காகிதங்களில் முக்கியமானது பிறப்புச் சான்றிதழ். இதைக் கேட்பது கடைசிக் கட்டமான ஐ-485 என்கிற கிரீன் கார்டு விண்ணப்பத்தில்தான், அதனால் யாரும் தேடுவதில்லை. நம்மில் பலர் அம்மாவின் ஊரில் பிறந்தவர்கள், பதிவு அந்த ஊர் நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ இருக்கும். எடுத்துப் பார்த்தால் "குழந்தையின் பெயர்" என்ற இடம் காலியாக இருக்கும், இல்லை அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, இதில் ஒரு மாதிரி. பெயர் சேர்க்க முடிந்தால் சேர்த்துவிடுங்கள். பதிவே இல்லை என்றால், பதிவு இல்லை என்று அந்த அலுவலகத்திடமே ஒரு சான்று வாங்கி, பிறந்தது தெரிந்த இரண்டு பேரின் உறுதிமொழிப் பத்திரத்தோடு கொடுக்க வேண்டும். அப்பா, அம்மா, பெரிய மாமா, சித்தி என்று அந்த நாளை நேரில் பார்த்தவர்கள் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும்போதே நோட்டரி முன் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இன்னும் விசாவுக்கே போகாத தம்பி தங்கைகளுக்கு ஒன்று. இனிஷியலோடு வாழ்ந்த பழக்கத்தில் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் முழுப் பெயரும் சர்நேமுக்குப் போய், முதல் பெயர் இருக்கும் இடத்தில் எஃப்என்யூ என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அப்புறம் லைசென்ஸ், வங்கி, இன்ஷூரன்ஸ் என்று எங்கே போனாலும் உங்கள் பெயர் எஃப்என்யூதான். கிளம்புமுன் பாஸ்போர்ட்டை மறு வெளியீட்டுக்குக் கொடுத்துப் பெயரைப் பிரித்துவிடுங்கள்.

வரிசையையே தாண்டும் ஒரு வழியும் உண்டு, நிறையப் பேர் கவனிப்பதில்லை. 7 சதவீதக் கணக்குக்குப் பிறந்த நாடுதான் முக்கியம், குடியுரிமை அல்ல. கனடா குடியுரிமை வாங்கினாலும் மதுரையில் பிறந்தவர் இந்திய வரிசையில்தான். அதே சமயம் உங்கள் மனைவியோ கணவரோ யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ துபாயிலோ பிறந்திருந்தால், அவர் கையில் இருப்பது இந்திய பாஸ்போர்ட்டாகவே இருந்தாலும், குடும்பம் முழுவதும் அவர் பிறந்த நாட்டின் வரிசையில் சேரலாம். அங்கே காத்திருப்பு மிகக் குறைவு. வளைகுடாவில் பிறந்து ஊரில் வளர்ந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! வக்கீல் தானாகக் கேட்பார் என்று இருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

வேலை போனால் கடைசி வேலை நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள் அவகாசம், அதற்கு முன்பே ஐ-94 (எந்தத் தேதி வரை தங்கலாம் என்று சொல்லும் பதிவு) முடிந்தால் அதுவரைதான். வேலையை விட்டு அனுப்பும்போது கம்பெனி தரும் செவரன்ஸ் பணம் எத்தனை மாதத்துக்கு வந்தாலும் இந்தக் கணக்கு நீளாது. அதற்குள் புதுக் கம்பெனி எச்-1பி மனு போட்டிருக்க வேண்டும், அந்த மனுவுக்கு முன் தொழிலாளர் துறையிடம் எல்சிஏ என்கிற ஒப்புதல் வாங்க ஏழு வேலை நாள் ஆகும், வக்கீல் காகிதம் சேர்க்க ஒரு வாரம். ஆக ஆஃபர் நாற்பதாம் நாளுக்குள் கையில் இருந்தால்தான் மூச்சுவிட முடியும். கிடைக்கவில்லை என்றால் 60 முடிவதற்குள் பி-2 விசிட்டர் நிலைக்கு மாற்றக் கேட்டு விண்ணப்பிப்பது ஒரு வழி, அதில் இருக்கும்போது வேலை செய்யக்கூடாது.

பிள்ளைகள் 21 வயதைத் தொட்டால் பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து விழுந்துவிடுவார்கள். இதைத் தணிக்க 2002-ல் வந்த சட்டப்படி, விசா எண் கிடைக்கும் நாளில் பிள்ளையின் வயதிலிருந்து ஐ-140 நிலுவையில் இருந்த நாட்களைக் கழிக்கலாம். சீக்கிரம் முடிவு சொல்வதற்கான பிரீமியம் கட்டணம் கட்டி மூன்று வாரத்தில் அப்ரூவல் வாங்கினால் கழிக்க மூன்று வாரம்தான் இருக்கும். சாதாரணமாகப் போட்டு எட்டு மாதம் நின்றால் எட்டு மாதம் கழியும். பிள்ளை பத்தாவது படிக்கிறது, எச்-1பி நீட்டிப்புக்கும் அவசரமில்லை என்றால் பிரீமியம் வேண்டாம் என்பேன். 2025 ஆகஸ்ட் 15 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு விசா புல்லட்டினின் இறுதி நடவடிக்கைத் தேதி அட்டவணையை வைத்துத்தான் வயதைக் கணக்கிடுகிறார்கள். எப்போது விண்ணப்பம் போடலாம் என்று சொல்லும் இன்னொரு அட்டவணையைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

கடைசியாக ஊருக்குப் போவது. 2025 டிசம்பரில் எச்-1பி காரர்கள், அவர்கள் குடும்பத்தாரான எச்-4 காரர்களின் சமூக வலைத்தளப் பக்கங்களையும் அமெரிக்கத் தூதரகங்கள் பார்க்கத் தொடங்கியபோது, ஸ்டாம்பிங்குக்கு, அதாவது பாஸ்போர்ட்டில் புது விசா வாங்க, ஊருக்கு வந்திருந்த பலரின் நேர்காணல் மாதக்கணக்கில் தள்ளிப்போய், அவர்கள் இங்கே வேலையும் அங்கே தாங்களுமாக மாட்டிக்கொண்டார்கள். ஸ்டாம்பிங் காலாவதியானவர்கள் தங்கை கல்யாணத்துக்கே போவதாக இருந்தாலும், தாமதமானால் சென்னையிலிருந்து வேலை செய்ய விடுவார்களா என்று ஆபீசில் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். திரும்பி வந்து இறங்கியதும் ஐ-94-ஐ இணையத்தில் எடுத்துத் தேதியைப் பாருங்கள். எச்-1பி 2028 வரை இருந்தாலும் பாஸ்போர்ட் 2027-ல் முடிந்தால், அதிகாரி 2027 வரைதான் கொடுப்பார், நீங்கள் தங்கலாம் என்பதைச் சொல்வது அந்தத் தேதிதான். எழுத்துப் பிழை என்றால் விமான நிலையத்தில் இருக்கும் சுங்க, எல்லைப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டுத் திருத்தலாம். பாஸ்போர்ட்டால் குறைந்தது என்றால், புது பாஸ்போர்ட் வாங்கி, அந்தத் தேதிக்கு முன்பே கம்பெனி மூலம் நீட்டிப்பு மனு போடுங்கள், அல்லது ஒருமுறை வெளியே போய்விட்டு வாருங்கள்.