பழைய கீசரைக் கழுவும் முறை

எங்கள் தெருவில் போர் தண்ணீர்தான். பக்கெட்டில்கூட வெள்ளையாக உப்புப் படியும். சூடாகும்போது கீசர் கடகடத்தால் உள்ளேயும் அதே கதைதான்.

முதலில் எம்.சி.பி.யை (மின்பெட்டியில் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணையுங்கள், சுவர் சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம். தண்ணீர் நன்றாக ஆறட்டும். குளிர்நீர் வால்வை மூடி, காற்று உள்ளே போக வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். அப்புறம் கீசருக்கு அடியில், தண்ணீர் உள்ளே போகும் குழாயின் நட்டைக் கழற்றினால் பக்கெட்டில் கொட்டும். முதலில் கலங்கல், பிறகு முட்டை ஓடு மாதிரி செதில்கள். தெளியும்வரை நட்டை மாட்டி நிரப்பி, கழற்றி வடித்து, திரும்பச் செய்யுங்கள்.

உள்ளே ஒரு மெக்னீசியம் கம்பி உண்டு. தொட்டிக்குப் பதிலாக அது அரிபடும். உப்புத் தண்ணீர் ஊரில் வருடம் ஒருமுறை மெக்கானிக்கிடம் அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மெலிந்திருந்தால் கையோடு மாற்றிவிடலாம். தண்ணீரைச் சூடாக்கும் எலிமெண்டில் ஒட்டிய உப்பையும் அப்போதே எடுத்துவிடச் சொல்லுங்கள். கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் வளையத்தைப் புதிதாகப் போடுவது நல்லது, பழையது பெரும்பாலும் கசியும்.

அழுத்தம் கூடினால் வெளியேற்றும் சேஃப்டி வால்வு சொட்டுகிறதென்று சிலர் அடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், தொட்டியே வெடிக்கும்.

வெந்நீர்க் குழாயில் காற்றில்லாமல் சீராகத் தண்ணீர் வந்த பிறகே கரண்ட். தொட்டியே கசிந்தால் கழுவிப் பயனில்லை, புதுசு வாங்குங்கள்.