கோவளத்தில் சர்ஃபிங்: முதல்முறை போகிறவர்கள் செய்யும் தவறுகள்

விடுமுறைக்குக் கோவளம் போய் சர்ஃபிங் கற்றுக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "வெட்சூட் (குளிர்நீரில் போடும் ரப்பர் உடை) வாங்கணுமா?" என்பதுதான். வேண்டாம். சென்னைக்குத் தெற்கே உள்ள இந்தக் கரையில் ஜனவரியில்கூடக் கடல்நீர் 26 டிகிரி அளவில் இருக்கும். மே மாதத்தில் 29, 30 வரை போகும். வெட்சூட்டின் நியோப்ரீன் ரப்பருக்குள் இருக்கும் நுண்ணிய காற்றுக் குமிழிகள் உடல் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கின்றன. இங்கே அதை மாட்டிக்கொண்டு, போர்டில் படுத்துக் கைகளால் துடுப்புப் போட்டால் அரை மணி நேரத்தில் வியர்த்துக் களைத்துவிடுவீர்கள்.

அதற்காகப் பருத்தி டி-ஷர்ட்டோடு இறங்குவதும் தவறு. நீரைக் குடித்துக் கனத்துப்போகும், அக்குளில் உரசிப் புண்ணாக்கும். முழுக்கை வைத்த ரேஷ் கார்டு, அதாவது உடம்போடு ஒட்டும் மெல்லிய நீச்சல் சட்டை போதும். வெயிலைத் தடுக்கும், போர்டில் நெஞ்சு தேய்ந்து சிவக்காது, சொறி மீன் பட்டாலும் கைக்குக் கொஞ்சம் காப்பு. இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கம் போகிறீர்கள் என்றால் கதை வேறு. கோடையிலேயே நீர் 16 டிகிரிதான். அங்கே 3/2 என்று குறித்த உடை வேண்டும். அதாவது உடம்புப் பகுதியில் 3 மில்லிமீட்டர், கைகாலில் 2. தோலோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். தொளதொள என்று இருந்தால் ஒவ்வொரு அலைக்கும் புதுக் குளிர்நீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும்.

சரி, உடையை விடுங்கள். கடலைப் படிப்பதில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன.

பலர் அலையின் உயரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை விநாடி என்பதையும் பாருங்கள். 5, 6 விநாடிக்கு ஒன்று வந்தால் அது பக்கத்துக் காற்று எழுப்பிய அலை. 14, 15 விநாடி இடைவெளி என்றால் தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயலிலிருந்து கிளம்பி வந்தது. உயரம் ஒன்றாகவே இருந்தாலும் இதன் வலு பல மடங்கு. இந்த அலைகள் கூட்டமாகத்தான் வரும். பத்து நிமிடம் கடல் அடங்கிக் கிடக்கும், அப்புறம் நாலைந்து பெரிய அலைகள் வரிசையாக வந்து அடிக்கும். அதனால், வந்ததும் இறங்காமல் கரையில் இருபது நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். கேரளக் கரையில் 'கள்ளக்கடல்' என்று சொல்வதும் இந்தத் தொலைதூர அலை திடீரென்று கரையேறுவதைத்தான். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து இளம் மருத்துவ மாணவர்கள் இறந்தபோது கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் மத்திய அரசு நிறுவனம்) இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. கிளம்பும் முன் அதைப் பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா?

அடுத்தது, அலை உடையாத அமைதியான இடமாகப் பார்த்து இறங்குவது. கரையில் குவிந்த நீர் திரும்பக் கடலுக்குப் போகும் வழி பெரும்பாலும் அதுதான். தூண்டில் வளைவுக் கற்களை (கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கற்சுவர்) ஒட்டியும் இந்த இழுப்பு உண்டு. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள், யாரும் ஜெயித்ததில்லை. போர்டை விடாமல் பிடித்துக்கொண்டு கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகுங்கள்.

நேரமும் முக்கியம். காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் காற்று மெல்ல இருக்கும், அலை ஒழுங்காக எழும். மதியம் கடற்காற்று கிளம்பினால் எல்லாம் குலைந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் வேறு. முதல்முறை கற்பதற்கு அது காலமல்ல. பெருமழைக்குப் பின் முட்டுக்காடு முகத்துவாரத்துப் பக்கம் போகவே வேண்டாம். நீர் கலங்கி, கழிவோடு வரும், இழுப்பும் கூடும்.

போர்டு விஷயத்தில் ஒன்றே ஒன்று. அலை வரும்போது அதற்கும் உங்களுக்கும் நடுவில் போர்டு இருக்கக் கூடாது, அப்படியே முகத்தில் அடிக்கும். பக்கவாட்டில் வையுங்கள். விழுந்தால் மேலே வரும்போது கைகளால் தலையை மூடிக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால், வலை பிரித்துக்கொண்டிருக்கும் மீனவர் ஒருவரிடம் போய், "அண்ணே, இன்னிக்கு வெள்ளம் எந்தப் பக்கம் ஓடுது?" என்று கேளுங்கள். வெள்ளம் என்று அவர்கள் சொல்வது கடல் நீரோட்டத்தை. அவர்கள் படகுகளை மேட்டில் ஏற்றி வைத்திருக்கும் நாள் என்றால் கேட்கக்கூட வேண்டியதில்லை, போர்டை எடுக்காதீர்கள்.