நாற்பது நாற்காலி, ஒரு குரல்: தெரிந்த சினிமாப் பாட்டைச் சிறு கூடத்தில் புதிதாகப் பாடுவது எப்படி

மெல்லிசைக் கச்சேரியில் "ரெக்கார்டில் கேட்ட மாதிரியே இருந்தது" என்பது பெரிய பாராட்டு. திருவிழா மேடையில், ஆயிரம் பேர் முன்னால், அது நியாயமான பாராட்டும்கூட. காபரே முறையில், அதாவது சிறு கூடத்தில் கேட்பவருக்கு அருகிலேயே நின்று, பாடிவிட்டு அதே பாராட்டு வந்தால் வேலை நடக்கவில்லை என்று பொருள். 1881-ல் பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் 'ல ஷா நுவார்' என்ற காபரே விடுதி திறந்த காலத்திலிருந்து இந்த வகையின் உயிர், பாடுபவருக்கும் கேட்பவருக்கும் நடுவில் இருக்கும் நாலைந்து அடி தூரத்தில்தான் இருக்கிறது. அந்தத் தூரத்தில் குரலின் வலிமையைக் காட்ட இடமில்லை, சொல்லைக் காட்டத்தான் இடம். ஆகவே சுருதி, தாளம், வாத்தியம், விளக்கு எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்து முடிவு செய்யுங்கள்: இந்தப் பாட்டை யார், யாரிடம், எப்போது சொல்கிறார்?

முதலில் வரிகள்

மெட்டை ஒதுக்கிவிட்டு வரிகளைத் தாளில் எழுதி, பேசுவதுபோல் வாசியுங்கள். பேச்சாக நின்றால் பாட்டாகவும் நிற்கும். ஓசைச் சொற்களை மட்டும் வைத்து ஓடும் குத்துப்பாட்டு பெரும்பாலும் இங்கேயே விழுந்துவிடும். ஆனால் சில குத்துப்பாட்டுகளில் ஆட்டத்துக்கு அடியில் பிரிவோ, வறுமையோ, அவமானப்பட்ட ஒருவரின் கோபமோ இருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் விடாதீர்கள், இதற்கு அதைவிட நல்ல சரக்கு இல்லை.

அடுத்து, பாடுகிற ஆளை மாற்றிப் பாருங்கள். இருபது வயதுக் காதலனின் பாட்டை அறுபது வயதுப் பெண் பாடினால் அது நினைவாகிவிடும். 'நான்', 'நீ' என்று போகும் பாட்டு யார் வாய்க்கும் பொருந்தும். 'வந்தாள்', 'போனான்' என்று வினையிலேயே பால் தெரியும் பாட்டைப் பாடுபவருக்கு ஏற்றபடி திருத்த வேண்டாம். திருத்தினால் எதுகை கெடும், கேட்பவர் கவனமும் திருத்திய இடத்திலேயே நின்றுவிடும். ஆண்கள் திரௌபதி வேடம் கட்டி விடிய விடிய ஆடும் கூத்தைப் பார்த்த வட ஆற்காட்டுச் சனங்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை.

பிறகு நீளம். நாலரை நிமிடப் பாட்டில் முன்னிசையையும் இரண்டு இடையிசைகளையும் எடுத்துவிட்டால் சுமார் இரண்டே முக்கால் நிமிடம் மிஞ்சும். மெட்ரோனோமில் (நிமிடத்துக்கு இத்தனை அடி என்று தாளம் காட்டும் கருவி) 112-ல் ஓடிய பாட்டை 72-க்கு இறக்கினால் அந்த இரண்டே முக்கால், நாலே கால் நிமிடமாக நீளும். ஆக வெட்டியதெல்லாம் திரும்ப வந்துவிடுகிறது. இரண்டாவது சரணம் புதிதாக எதையாவது சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சரணத்தையே வேறு உவமையில் சொன்னால் அதை விட்டுவிடுங்கள், எவ்வளவு பிடித்த வரியாக இருந்தாலும்.

வேகம் குறைந்தால் குறில் நீளும்

மெதுவாகப் பாடுவதில் அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. வேகமான மெட்டில் 'விடு' என்று சரியாக விழுந்த சொல், பாதி வேகத்தில் இழுபட்டு 'வீடு' ஆகிறது. 'கொடு' 'கோடு' ஆகிறது. 'பல்' 'பால்' ஆகிறது. கேட்பவருக்குப் பாட்டு ஏற்கனவே தெரியும் என்பதால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், ஆனால் பொருள் போய்விடும். இதற்கு வழி எளிது. குறிலைக் குறிலாகவே பாடி நிறுத்துங்கள், மிச்ச நேரத்தை மௌனமாக விடுங்கள். இழுக்கத்தான் வேண்டும் என்றால் அதே வரியில் இருக்கும் நெடிலை இழுங்கள். வரித்தாளில் எல்லா நெடில்களுக்கும் கீழே கோடு போட்டு வைத்துக்கொண்டால் ஒத்திகையில் கண் தானாக அங்கே போகும்.

மூச்சையும் கணக்குப் பாருங்கள். 72 வேகத்தில் எட்டு அடிக்கு ஏறக்குறைய ஆறே முக்கால் நொடி. ஒரே மூச்சில் முடியும், ஆனால் கடைசிச் சொல் தேய்ந்து போகும். சீர் முடியும் இடத்தில் வெளிப்படையாக மூச்செடுங்கள். அருகில் இருப்பவருக்கு அது கேட்கட்டும், கேட்டால் நல்லது.

நாலு அடித் தாளத்தைத் திஸ்ர நடைக்கு, அதாவது மும்மூன்றாக, மாற்றுவது பழைய பாட்டுக்குப் புது நடை கொடுக்கும் விரைவான வழி. அப்படி மாற்றும்போது வரியின் முதல் எழுத்து அழுத்தமான அடியிலேயே விழ வேண்டும். தமிழ்ப் பாட்டில் மோனையும் எதுகையும் வரித் தொடக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஆங்கிலப் பாட்டு மாதிரி ஒரு துண்டுச் சொல்லை முன்னால் தள்ளி ஆரம்பித்தால் இரண்டும் காதில் விழாமல் போகும்.

சுருதி இறக்கம், கந்தார மாற்றம்

கிட்டத்தில் பாடும் குரலுக்கு உச்சஸ்தாயி தேவையில்லை. வழக்கமாகப் பாடும் சுருதியிலிருந்து இரண்டு அல்லது மூன்று அரைச்சுரம் இறக்குங்கள். கட்டை என்பது ஆர்மோனியத்தில் சுருதியைச் சொல்லும் கணக்கு, 1 கட்டை மேற்கத்திய சி. 5 கட்டையிலிருந்து மூன்று அரைச்சுரம் இறக்கினால் 4½, 4, பிறகு 3. நடுவில் 3½ என்று கட்டை கிடையாது. கீபோர்டில் டிரான்ஸ்போஸை மைனஸ் 3 வைத்தால் போதும், ஆர்மோனியக்காரர் கையை மாற்றித்தான் வாசிக்க வேண்டும், அதற்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எல்லை எது? பாட்டின் மிகத் தாழ்ந்த சுரத்தை மைக் இல்லாமல் ஐந்தடி தள்ளி நிற்பவருக்குச் சொல் புரியும்படி பாட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அரைச்சுரம் ஏற்றுங்கள்.

மெட்டின் நிறத்தை மாற்ற, அந்தர கந்தாரத்தை (மேல் 'க') அதைவிட அரைச்சுரம் தாழ்ந்த சாதாரண கந்தாரமாக்குவதே போதும். மோகன ராகம் சிவரஞ்சனியாகிறது. சங்கராபரணம் கௌரிமனோகரியாகும், அரிகாம்போதி கரகரப்பிரியாவாகும், கல்யாணி தர்மவதியாகும். மோகனத்தில் அமைந்த கொண்டாட்டப் பாட்டை இப்படி மாற்றினால், ஒரு சொல்கூட மாறாமல், கல்யாணப் பந்தல் பிரித்த பிறகு பாடுகிற பாட்டாகிவிடுகிறது. சினிமா மெட்டுகளில் ராகத்தில் இல்லாத அந்நிய சுரங்கள் தாராளமாக வரும். அவற்றை ஒவ்வொன்றாகப் பாடிப் பார்த்தே வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்ய வேண்டும்.

இந்த மாற்றத்தில் தவறு நடப்பது பாடுபவரிடம் இல்லை, கீபோர்டில். 1 கட்டையில் மோகனப் பாட்டுக்கு சி மேஜருக்கு அடுத்து ஏ மைனர் பிடிப்பது கைப்பழக்கம். ஏ மைனரில் பழைய அந்தர கந்தாரம் இருக்கிறது. நீங்கள் சாதாரண கந்தாரம் பாடும்போது இரண்டும் முட்டும், கூடமே முகம் சுளிக்கும். சி மைனருக்கு அடுத்து எஃப் செவன் பிடிக்கச் சொல்லுங்கள், அதில் உங்கள் கந்தாரம் ஏற்கனவே இருக்கிறது. எல்லாப் பாட்டுக்கும் இப்படிச் செய்யாதீர்கள். ஒரு மாலையில் இரண்டு பாட்டு போதும், மூன்றாவது வரும்போது கேட்பவர்கள் வித்தையைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வாத்தியங்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம். கீபோர்டு அல்லது ஆர்மோனியம், ஒரு வயலின் அல்லது கிட்டார், ஒரு டோலக் அல்லது கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி). கீபோர்டில் பியானோ ஒலி ஒன்றே போதும், தானாக ஓடும் ஸ்டைல் ரிதத்தை அணைத்துவிடுங்கள். வேலூர்ப் பக்கம் கோயில் திருவிழா, கல்யாணம் என்று வாசித்துப் பழகிய கலைஞர்கள் இடையிசையை அச்சுப் பிசகாமல் கொண்டுவருவதில் கெட்டிக்காரர்கள். அவர்களிடம் "வாசிக்காதீர்கள்" என்று சொன்னால் மனம் கோணும். "என் வரி முடிந்த பிறகு நீங்கள் பதில் சொல்லுங்கள்" என்று கேட்டால் அழகாகச் செய்வார்கள்.

கூடமும் வெயிலும்

20-க்கு 30 அடி அறையில் 50 பேர் வசதியாக உட்காரலாம். ஆளுக்கு 8 சதுர அடி வைத்தால் 400, பாடும் இடத்துக்கு 10-க்கு 12 அடி, மிச்சம் நடைவழி. நாற்பது நாற்காலி போட்டால் இன்னும் நல்லது. அரைவட்டமாக மூன்று வரிசை, முதல் வரிசைக்கும் பாடுபவருக்கும் ஐந்தடி. மேடை வேண்டாம், வைத்தால் ஓரடிக்கு மேல் போகாதீர்கள். கூடத்துக்காரரிடம் 'காபரே' என்று சொன்னால் பழைய சினிமாவின் கிளப் நடனம்தான் அவருக்கு நினைவு வரும், பாட்டுக் கச்சேரி என்றே சொல்லுங்கள்.

வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி, காந்தி நகர் எங்கே பிடித்தாலும் மேல்மாடி அறையைத் தவிருங்கள். சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் இரவு எட்டு மணிக்கும் அனல் விடும். வேறு இடம் இல்லை என்றால் மாலை நாலு மணிக்கே மாடியில் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். வறண்ட சூட்டில் டோலக், தபலாத் தோல் இறுகிச் சுருதி ஏறும். விளக்குச் சூட்டில் கிட்டார்க் கம்பி தளர்ந்து இறங்கும். இரண்டும் எதிர்த்திசையில் போவதால், சுருதி சேர்ப்பதை வரும்போதே முடித்துவிடாமல், விளக்கையும் விசிறியையும் போட்டு அரைமணி கழித்துச் செய்யுங்கள், இடைவேளையில் இன்னொரு முறை.

டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் எதிரொலிக்கும். தரையில் ஜமக்காளம், பாடுபவருக்கு எதிர்ச்சுவரில் கனத்த போர்வைகள் இரண்டு மூன்று தொங்கவிட்டாலே சொல் தெளியும். பாடுபவர் தலைக்கு மேலிருக்கும் மின்விசிறியை அணைக்க வேண்டும், அதன் காற்று மைக்கில் படபடக்கும். கண்டென்சர் மைக் வேண்டாம், எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக் போதும். மிக்ஸரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். எக்கோவை அறவே அணையுங்கள், ரிவெர்ப் கொஞ்சம். மெல்லிசைக் குழுவின் சவுண்டுக்காரர் பழக்கத்தில் எக்கோவை ஏற்றுவார், அதில் முதலில் சாவது மெய்யெழுத்துகள். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் அது எல்லாப் பக்க ஒலியையும் வாங்கும், உடனே கீச்சிடும். ஸ்பீக்கர் எப்போதும் மைக்குக்கு முன்னால், உட்கார்ந்திருப்பவர் தலைக்குச் சற்று மேலே.

மின்சாரத்தை ஒரே பலகையிலிருந்து எடுங்கள். கீபோர்டு ஒரு பிளக், மிக்ஸர் வேறு சுவர் என்றால் இரைச்சல் வரும். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும், ஸ்கொயர் வேவில் ஸ்பீக்கர் ரீங்கரிக்கும். கரண்ட் போனால் பாட ஆர்மோனியத்தோடு மட்டும் ஒரு பாட்டு தயாராக இருக்கட்டும். விளக்குக்கு 3000 கெல்வின் மஞ்சள் ஒளி, முன்னால் இரு பக்கமிருந்தும் சாய்வாக ஒன்றொன்று, பின்னால் ஒன்று. கேட்பவர் முகம் பாடுபவருக்கு மங்கலாகவாவது தெரிய வேண்டும், யாரிடம் பாடுகிறோம் என்று தெரியாவிட்டால் எல்லாம் வீண்.

சுண்டலும் காபியும் தொடக்கத்துக்கு முன்பும் இடைவேளையிலும் மட்டும், அதுவும் காகிதக் கோப்பையில். எவர்சில்வர் டம்ளர் ஒன்று கீழே விழுந்தால் ஒரு சரணம் போயிற்று.

நடுவில் பேசுவது யார்

பாட்டுகளுக்கு நடுவில் பேச ஓர் ஆள் வேண்டும். இதற்குப் பாரிஸ் வரை போக வேண்டாம், கட்டியங்காரன் இருக்கிறார். கூத்தில் திரைக்குப் பின்னால் நிற்கும் வேடத்தை "நீ யார், எங்கிருந்து வருகிறாய்" என்று கேட்டு, சபைக்கும் கதைக்கும் நடுவில் நிற்பவர் அவர்தான். அதே வேலையை இங்கேயும் கொடுங்கள். பாடகரைப் புகழ விடாதீர்கள், கேள்வி கேட்க விடுங்கள். "அம்மா, இந்தக் கடிதம் யாருக்கு?" என்று ஒரு வரி கேட்டால், பாடகர் அந்த ஆளாகவே பதில் சொல்லிப் பாட்டில் இறங்கலாம். ஒவ்வொரு பேச்சும் ஒரு நிமிடத்துக்குள் முடியட்டும். எழுதி, மனப்பாடம் செய்து, ஒத்திகை பார்க்க வேண்டும், மேடையில் தோன்றியதைப் பேசினால் மூன்று நிமிடம் ஆகிவிடும். படம், இசையமைப்பாளர், வெளியான ஆண்டு என்று வானொலி அறிவிப்பு செய்யக் கூடாது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் நடத்தினால் வங்காளம், வடகிழக்கிலிருந்து சிகிச்சைக்கு வந்தவர்களும் உள்ளே வருவார்கள். அவர்களுக்காகப் பேச்சில் ஓரிரு வரி இந்தியிலோ வங்காளியிலோ சேர்த்துக்கொள்ளுங்கள், பாட்டை மாற்ற வேண்டாம்.

வரிசையும் அனுமதியும்

இடைவேளை சேர்த்து ஒன்றே முக்கால் மணி, பாட்டுகள் பதினாலு. எல்லோருக்கும் தெரிந்ததில் தொடங்குங்கள், ஆனால் அதிகம் மாற்றாமல். அதிகம் மாற்றியது நாலாவது, ஐந்தாவது இடத்தில், கேட்பவர் உங்களை நம்பத் தொடங்கிய பிறகு. கடைசிப் பாட்டை மைக் இல்லாமல் பாடிப் பாருங்கள்.

சினிமாப் பாட்டை நேரடியாகப் பொதுவில் பாட, பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களின் உரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.ஸிடம் உரிமம் வாங்க வேண்டும். டிக்கெட் இல்லாமல், அமெச்சூர் மன்றமாக நடத்தினால் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவில் விலக்கு இருக்கிறது. கரோக்கி டிராக் போட்டால் ஒலிப்பதிவு உரிமை தனிக்கணக்கு, அதனாலும் டிராக்கைத் தவிருங்கள். குடியிருப்புப் பகுதியில் பகல் ஒலி வரம்பு 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45. அக்கம்பக்கத்து வீடுகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

மாலை ஆறரைக்குத் தொடங்கினால் எட்டேகாலுக்கு முடியும். குடியாத்தம், ஆற்காடு, ராணிப்பேட்டையிலிருந்து வந்தவர்கள் அவசரமில்லாமல் பேருந்து பிடிக்கலாம். ஏழரைக்குத் தள்ளினால் கடைசி மூன்று பாட்டின்போது நாற்காலிகள் ஒவ்வொன்றாக நகரும், நாற்பது பேர் இருக்கும் கூடத்தில் ஒருவர் எழுந்தாலும் எல்லோருக்கும் தெரியும்.