கவனம் சார்ந்த ஆங்கிலத் தொடர்களை லாட்விய மொழியில் சொல்வது எப்படி?

ஆங்கிலம் நன்கு அறிந்த தமிழர் ஒருவர் படிப்புக்காகவோ வேலைக்காகவோ லாட்வியாவின் தலைநகரான ரீகாவுக்குச் சென்று லாட்விய மொழியைக் கற்கத் தொடங்கினால், தெரியாத சொற்களைவிட, தெரிந்தவைபோல் தோன்றும் தொடர்களே அவரை அதிகம் இடறச் செய்யும். கவனித்தல், கேட்டல், பார்த்தல் ஆகியவற்றைச் சுற்றி அமைந்த தொடர்கள் வகுப்பறையிலும் அலுவலகத்திலும் தெருவிலும் நாள்தோறும் காதில் விழுபவை என்பதால், அவற்றை முதலிலேயே ஒரு தொகுதியாகக் கற்றுக்கொள்வது பயன் தரும். இந்தத் தொகுதியில் சில இடங்களில் ஆங்கிலம் வழிகாட்டும். வேறு சில இடங்களில் ஆங்கிலத்தைவிடத் தமிழே நெருங்கி நிற்கும். இரண்டுமே தவறான பக்கம் இழுத்துச் செல்லும் இடங்களும் உண்டு.

சொற்களுக்குமுன் ஒலியைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். லாட்விய மொழியில் பெரும்பாலான சொற்களின் முதல் அசையே அழுத்தம் பெறும். உயிரெழுத்தின்மேல் கிடைக்கோடு இருந்தால் அது நெடில். குறிலும் நெடிலும் பொருளை மாற்றும் என்பதைத் தமிழருக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆயினும் எழுதும்போது அந்தக் கோட்டை விட்டுவிடும் பழக்கம் பலருக்கும் வந்துவிடுகிறது. ‘அத்ஸிஸ்’ என்றால் கண்கள், ‘அத்ஸீஸ்’ என்றால் கண்களில். ஒரு கோடு விடுபட்டால் வேற்றுமையே மாறிவிடும். ஞகர ஒலியும் அந்த மொழியில் தனி எழுத்தாகவே இருக்கிறது. இங்கே தமிழ் எழுத்தில் தந்திருப்பவை தோராயமான ஒலிகள்தாம். ‘உஸ்மனீப’ என்ற சொல்லில் வரும் ஸகரத்தை ஆங்கிலத்தின் ‘ரோஸ்’ என்ற சொல்லின் இறுதி ஒலியைப் போலவும், பகரத்தை ‘அன்பு’ என்பதில் வருவதைப் போலவும் ஒலிக்க வேண்டும்.

அந்த ‘உஸ்மனீப’ என்பதுதான் இத்தொகுதியின் தலைச்சொல். கவனம் என்பது அதன் பொருள். ஆங்கிலத்தின் ‘பே அட்டென்ஷன்’ என்ற தொடரில் பணம் கொடுப்பதைக் குறிக்கும் வினை இருக்கிறது. தமிழிலும் வரியைச் செலுத்துகிறோம், கவனத்தையும் செலுத்துகிறோம். இரு மொழிகளும் ஒத்துப்போவதால், பணம் செலுத்துவதைக் குறிக்கும் ‘மக்ஸாத்’ என்ற லாட்விய வினையை இங்கேயும் போட்டுவிடத் தோன்றும். அது பிழை. லாட்வியர்கள் கவனத்தைத் திருப்புகிறார்கள்: ‘பியெவேர்ஸ்த் உஸ்மனீபு’. இதில் கவனம் இரண்டாம் வேற்றுமையில் வருகிறது. கவனிக்கப்படும் பொருளோ தமிழின் ‘கு’ உருபுக்கு இணையான நான்காம் வேற்றுமையில் நிற்கிறது. ஆகவே ‘பிழைகளைக் கவனியுங்கள்’ என்பதற்கு ‘பியெவேர்ஸியெத் உஸ்மனீபு க்ல்யூதாம்’ என்று, ‘பிழைகளுக்குக் கவனத்தைத் திருப்புங்கள்’ என்ற அமைப்பில் சொல்ல வேண்டும். வினையின் முன்னொட்டை மாற்றி ‘நுவொவேர்ஸ்த் உஸ்மனீபு’ என்றால், கவனத்தை வேறு பக்கம் திருப்புதல், அதாவது கவனத்தைச் சிதறடித்தல் என்றாகும். கவனத்தை ஈர்ப்பதற்கு ‘பியெஸைஸ்தீத்’ என்ற வினை வரும்.

இதே வேரிலிருந்து பிறந்த பண்புச்சொல்லில் தமிழருக்கு ஆங்கிலேயரைவிட வேலை எளிது. அக்கறையுடன் கேட்பதற்கு ஒரு சொல், ஆபத்தைத் தவிர்த்து நடப்பதற்கு மற்றொரு சொல் என்று ஆங்கிலம் பிரித்து வைத்திருக்கிறது. தமிழிலோ ‘கவனமாகக் கேள்’, ‘கவனமாகப் போ’ ஆகிய இரண்டுக்கும் ஒரே சொல் போதும். லாட்விய மொழியிலும் ‘உஸ்மனீகி’ என்பதே இரண்டுக்கும் பொருந்தும். ஆசிரியர் ‘லூத்ஸு, க்லௌஸியெதியெஸ் உஸ்மனீகி’ என்றால் ‘தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள்’ என்று பொருள். தமிழின் நீ, நீங்கள் போலவே அங்கும் மரியாதைக்குப் பன்மை வடிவம்தான் வரும் என்பதால், அறிமுகமில்லாதவரிடம் ஒருமை ஏவலைத் தவிர்ப்பது நல்லது. ‘உஸ்மனீபு’ என்பது தனித்து நின்றால் எச்சரிக்கைப் பலகையின் சொல்லாகிவிடும். வேலிக்கதவில் அதனுடன் ‘நிக்ன்ஸ் ஸுன்ஸ்’ என்று இருந்தால், உள்ளே கடிக்கும் நாய் இருக்கிறது. குளிர்காலத்தில் கூரைகளிலிருந்து உறைபனிக் கூர்கள் உடைந்து விழக்கூடிய நடைபாதைகளிலும் இந்தச் சொல்லைக் காணலாம். அங்கே இலக்கணத்தை ஆராயாமல் விலகி நடப்பதே முறை. சொற்பொழிவு முடிந்ததும் திரையில் தோன்றும் ‘பல்தியெஸ் பர் உஸ்மனீபு’ என்பது ‘கவனித்தமைக்கு நன்றி’ என்று பொருள்படும். நன்றியைக் குறிக்கும் ‘பல்தியெஸ்’ முதலசை அழுத்தத்துக்கு விதிவிலக்கு. அதில் இரண்டாம் அசையே அழுத்தம் பெறும்.

தமிழ் நம்மைக் கைவிடும் இடம் ‘கேள்’ என்ற வினை. ஒலி காதில் விழுவதும், விரும்பிக் காது கொடுப்பதும், பெரியவர் சொற்படி நடப்பதும், வினா எழுப்புவதும் நமக்கு ஒரே வினைதான். லாட்விய மொழியில் இவை நான்கும் வேறுவேறு. ஒலி காதில் விழுவது ‘த்ஸிர்தேத்’, காது கொடுத்துக் கேட்பது ‘க்லௌஸீதியெஸ்’, சொற்படி நடப்பது ‘க்லௌஸீத்’, வினவுவது ‘யௌதாத்’. நடுவில் உள்ள இரண்டுக்கும் இறுதியில் வரும் தன்வினை விகுதி மட்டுமே வேறுபாடு என்பதால், இவற்றைக் குழப்பிக்கொள்வது மிக எளிது: பாட்டைக் கேட்கிறேன் என்று சொல்ல வந்தவர் பாட்டுக்குக் கீழ்ப்படிகிறேன் என்று சொல்லிவிடக்கூடும். இதற்கு மனப்பாடத்தைவிட நல்ல வழி, தமிழில் ‘கேள்’ வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் இந்த நான்கில் எது என்று பிரித்துப் பார்ப்பதுதான். ‘பார்’ என்பதற்கும் இதே பிரிவு உண்டு. கண்ணில் படுவது ‘ரெத்ஸேத்’, நோக்குவது ‘ஸ்கதீதியெஸ்’.

காது பற்றிய மரபுத்தொடர்களில் மூன்று மொழிகளும் வியக்கத்தக்க அளவு ஒன்றுபடுகின்றன. இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுவதை லாட்வியர்களும் ஏறத்தாழ அப்படியே, ‘ப வியெனு ஔஸி இயெக்ஷா, ப உவொத்ரு ஆரா’, அதாவது ஒரு காது வழியே உள்ளே, மறு காது வழியே வெளியே என்கிறார்கள். நாம் காதைத் தீட்டிக்கொள்வதைப் போலவே அவர்கள் காதுகளைக் கூராக்கிக்கொள்கிறார்கள்: ‘ஸஸ்பித்ஸேத் ஔஸிஸ்’. விலங்கு காதை நிமிர்த்தும் காட்சியை வைத்து ஆங்கிலம் சொல்லும் தொடருக்கும் இதுவே ஈடு. சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது ‘லைஸ்த் கர் ஔஸீம்’; பேச்சைக் காதோரமாகக் கடந்துபோக விடுதல் என்பது அதன் நேர்ப்பொருள். ஆங்கிலத்தின் ‘லெண்ட் அன் இயர்’ என்பதற்கு மட்டும் காதைக் கடன் கொடுக்கும் தொடரைத் தேட வேண்டாம். ஒருவருடைய குறையை இறுதிவரை பொறுமையுடன் செவிசாய்த்துக் கேட்பதற்கு ‘உஸ்க்லௌஸீத்’ என்ற ஒற்றை வினையே போதும்.

கண் பற்றியவற்றில் சற்று விழிப்பு தேவை. பையை ஒருவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லும்போது ஆங்கிலத்தில் ‘கீப் அன் ஐ ஆன்’ என்போம். லாட்விய மொழியில் ‘பியெஸ்கதியெத், லூத்ஸு, மனு ஸுவொமு’ என்று கேட்டால் போதும், கண்ணைக் குறிக்கும் சொல்லே வேண்டாம். குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கும் இதே வினைதான். நெடுநாள் ஒன்றன்மேல் கண் வைத்திருப்பதற்கு ‘பதுரேத் அத்ஸீஸ்’, கண்களில் வைத்திருத்தல், என்ற தொடர் பொருந்தும். கண்டும் காணாமல் விடுவதற்கு இரண்டு தொடர்கள் உள்ளன. ஒன்று ‘ஸ்கதீதியெஸ் த்ஸௌர் பிர்க்ஸ்தியெம்’, விரல்களின் ஊடே பார்த்தல். தவறைக் கண்டபின்னும் சலுகை காட்டுகிறவரை அது கண்முன் நிறுத்துவதால், ‘டர்ன் எ பிளைண்ட் ஐ’ என்னும் ஆங்கிலத் தொடரின் குருட்டுக் கண்ணைவிட இதுவே துல்லியமானது என்று எனக்குப் படுகிறது. மற்றொன்று ‘பியெவேர்த் அத்ஸிஸ்’, கண்களை மூடிக்கொள்ளுதல். மேலே பார்த்த ‘பியெவேர்ஸ்த்’ என்பதற்கும் இதற்கும் ஓரெழுத்துதான் வேறுபாடு. ஆனால் ஒன்று கவனத்தைத் திருப்புவது, மற்றது கண்களை மூடிக்கொள்வது. இந்த இணையைத் தாளில் அருகருகே எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது நல்லது.

மனம் சார்ந்த தொடர்களில் அதிகச் சிக்கல் இல்லை. ‘பதுரேத் ப்ராதா’ என்பது வேற்றுமை உருபு உட்பட நம் ‘மனதில் வைத்திருத்தல்’ என்பதோடு ஒத்துப்போகிறது. கருத்தில் கொள்ளுதல் என்பதற்கு ‘ஞெம்த் வேரா’. அலுவலகக் கடிதங்களில் இது அடிக்கடி வரும். படியில் தடுக்கிவிடாமலிருக்க எச்சரிக்கும் ஆங்கில ‘மைண்ட்’ மட்டும் இந்தக் குழுவில் சேராது. அங்கே ‘உஸ்மனியெதியெஸ்’ என்ற ஏவல்தான் வர வேண்டும்.

இவற்றைக் குறித்துவைக்கும்போது ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே லாட்வியச் சொல் என்று இரு பத்திகளாக எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வினையையும் அது ஏற்கும் வேற்றுமையையும் ஒரு முழு வாக்கியத்துக்குள் வைத்து எழுதி, கீழே அதே சூழலில் தமிழர் இயல்பாகச் சொல்லக்கூடிய வாக்கியத்தை எழுத வேண்டும். பிறகு அந்த வினையின் முன்னொட்டுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம்: ‘க்லௌஸீதியெஸ்’ என்பதன் முன் ‘இயெ’ சேர்ந்தால் உற்றுக் கேட்டல், ‘நுவொ’ சேர்ந்தால் முழுவதையும் கேட்டு முடித்தல் அல்லது, சூழலைப் பொறுத்து, ஒட்டுக்கேட்டல். ‘தேஸௌர்ஸ்’ என்னும் இலவச இணைய அகராதியில் காது, கண் ஆகியவற்றுக்குரிய ‘ஔஸ்’, ‘அத்ஸ்’ என்ற பதிவுகளைத் திறந்து, அவற்றோடு தரப்பட்டுள்ள தொடர்களையும் இதே முறையில் வாக்கியங்களாக்கிச் சேர்த்துக்கொள்ளலாம்.