உப்பளம், தோட்டம், ஆலை: பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயிலையும் அருவியையும் பார்த்து முடித்தவர்கள் இப்போது தூத்துக்குடி உப்பளம், கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டம், குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை, கவுந்தப்பாடியின் வெல்ல ஆலை என்று பயணத் திட்டம் போடத் தொடங்கியிருக்கிறார்கள். நாம் தின்பதும் குடிப்பதும் எங்கிருந்து வருகிறது என்று நேரில் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் இந்த இடங்களில் பெரும்பாலானவற்றில் நுழைவுச்சீட்டு கொடுக்க ஆள் கிடையாது, வழிகாட்டி கிடையாது, தடுப்புக் கம்பி கிடையாது. வருகிறவர்களுக்காக எதுவும் நிறுத்தப்படுவதோ தள்ளிவைக்கப்படுவதோ இல்லை. வேலையின் ஒழுங்கைத் தெரிந்துகொள்ளாமல் உள்ளே போகிறவர் தமக்கும் சேதம் தேடிக்கொள்கிறார், அங்கே உழைப்பவர்களுக்கும் சேதம் வைத்துவிட்டு வருகிறார்.

தவறு பெரும்பாலும் நாள்காட்டியிலேயே தொடங்கிவிடுகிறது. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் தூத்துக்குடிக்கே பெரும்பங்கு. அங்கே ஆண்டின் தொடக்கத்தில் பாத்திகளைச் செப்பனிட்டு உற்பத்தியைத் தொடங்கினால் ஏறத்தாழ செப்டம்பர் வரை உப்பு வாரலாம். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் மழைநீரில் மூழ்கிவிடும். தீபாவளி விடுமுறைக்கும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் வருகிறவர்கள் மூடிப் போட்ட உப்புக் குவியல்களை மட்டும் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு திரும்புவது இதனால்தான். அந்த மாதங்களில் உப்பளத் தொழிலாளர்களுக்கு வேலையே இருப்பதில்லை. அதற்கென்று தமிழ்நாடு அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்குகிறது என்பதை அறிந்தவர், அப்போது போய் நின்று ‘ஏன் யாரும் வேலை செய்யவில்லை’ என்று கேட்க மாட்டார். பருவம் பார்த்து வருகிறவர்களும் விடுதியில் காலை உணவை முடித்துக்கொண்டு பத்து மணிக்கு வந்து சேர்கிறார்கள். வெயிலுக்கு அஞ்சி விடியுமுன்பே உப்பு வாரத் தொடங்குகிறவர்கள், அதற்குள் வேலையின் கடுமையான பகுதியை முடித்திருப்பார்கள். பார்க்க விரும்புகிறவர் இருட்டோடு எழுந்துதான் ஆக வேண்டும்.

உப்பளத்தில் அடுத்து கவனிக்க வேண்டியது கால். வெள்ளைப் பரப்பைக் கண்டதும் அதன் நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்ளத் தோன்றும். அந்தப் பாத்தி எப்படி உருவானது என்று தெரிந்தால் கால் தானாகவே பின்வாங்கும். கடலிலிருந்தோ நிலத்தடியிலிருந்தோ எடுத்த உவர்நீரைத் தெப்பக்குளம்போல் பரந்த தேக்கங்களில் விட்டு வெயிலில் காயவைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி அடர்த்தியை ஏற்றுகிறார்கள். உவர்நீரின் அடர்த்தியைக் காட்டும் ‘பாமே’ அளவில் கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி இருக்கும். அது 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு படிகமாகத் தரையில் படியத் தொடங்கும். படியும் அந்தத் தரையைத் தொழிலாளர்கள் பருவத் தொடக்கத்தில் நாள்கணக்கில் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தியிருக்கிறார்கள். அதன்மேல் ஒருவர் காலணியோடு நடந்தால் அடியிலுள்ள களி மேலே பிதுங்கி வரும்; அந்த இடத்தில் வாரும் உப்பு சாம்பல் நிறத்தில் வரும், விலையும் இறங்கும். வரப்பின் ஓரம் சரிந்தாலோ ஒரு பாத்தியின் நீர் அடுத்ததில் கலந்து, ஏற்றிவைத்த அடர்த்தி பாழாகும். ஆகவே உள்ளே போகுமுன் உப்பளக் கணக்குப்பிள்ளையையோ மேற்பார்வையாளரையோ கண்டு பேசி, அவர் காட்டுகிற வரப்பில் மட்டும், ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். உப்பின் மேல் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசவைக்கும் என்பதால் கறுப்புக் கண்ணாடி அணிவது அலங்காரம் ஆகாது. காலில் சிறு கீறல் இருந்தால்கூட அன்றைக்கு வெளியிலேயே நின்றுகொள்வது நல்லது.

மேலிருந்து பார்த்தால் உப்பளம் அழகாகத்தான் இருக்கும். அதனால் பலர் டிரோனைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். தூத்துக்குடியில் துறைமுகமும் அனல்மின் நிலையமும் வாகைக்குளம் விமான நிலையமும் இருக்கின்றன என்பதை அவர்கள் நினைப்பதில்லை. 2021 டிரோன் விதிகளின்படி வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. எங்கே பறக்கவிடலாம் என்பதை அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ இணையதள வரைபடத்தில் பார்க்காமல் பொத்தானைத் தொடக் கூடாது. கைப்பேசிப் படமும் எங்கும் எடுக்கலாம் என்பதில்லை. 1923ஆம் ஆண்டின் அலுவல்சார் இரகசியச் சட்டம் ‘தடைசெய்யப்பட்ட இடம்’ என்று குறிக்கும் இடங்களைப் படமெடுப்பது வழக்கில் போய் முடியும். இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். காவலாளி கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்ட பிறகு சிரிப்பு நின்றுவிடும்.

தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறு சற்று நுட்பமானது. பறித்த கொழுந்து மாலையில் ஆலைக்கு வரும். நீண்ட தொட்டிகளில் பரப்பிக் காற்று செலுத்தி 12 முதல் 18 மணி நேரம் வாட வைத்த பிறகே இயந்திரத்தில் இடுவார்கள். அதனால் பல ஆலைகளில் முக்கியமான வேலை இரவின் பிற்பகுதியிலும் விடியலிலும் நடந்து முடிந்துவிடும். நண்பகலில் வருகிறவர் கழுவி நிறுத்திய இயந்திரத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போக நேரும். முன்னதாக ஆலைக்குத் தொலைபேசியில் பேசி ‘எந்த நேரத்தில் இலை ஓடும்’ என்று கேட்டுக்கொண்டால் போதும். இன்னொன்று வாசனை. தேயிலை அருகிலுள்ள எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. பச்சையாக இருந்த இலை செம்பு நிறத்துக்கு மாறும் கட்டத்தில், அந்த நிறத்தையும் மணத்தையும் கொண்டே பதம் பார்க்கிறவர் ஒருவர் அங்கே நின்றிருப்பார். நாம் அத்தரோ சென்ட்டோ பூசிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றால் அவருடைய மூக்குக்கு வேலை இல்லாமல் போகிறது. தளர்ந்து தொங்கும் துப்பட்டா, பின்னாத கூந்தல், கழுத்துப் பட்டை ஆகியவற்றை எந்த ஆலையிலும் ஓடும் பெல்ட்டின் அருகே கொண்டுபோகக் கூடாது என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

மலைத் தோட்டத்தில் தேயிலைப் புதர்களுக்குள் தனியாக இறங்குவதையும் தவிர்க்க வேண்டும். நீலகிரியில் புதர் மறைவில் காட்டெருமை படுத்திருப்பது அன்றாடக் காட்சி. வால்பாறையில் பொழுது சாய்ந்தபின் சிறுத்தையும் உலாவும். தோட்டத்துக்காரர்கள் போக வேண்டாம் என்று சொல்லும் சரிவுக்குப் போகாமல் இருப்பதற்கு வேறு காரணம் கேட்க வேண்டியதில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டி, கூடலூர்ப் பக்கம் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நிற்கும்போது கை தானாக மேலே போகும். ‘தோட்டத்தில் பறித்தது, அப்படியே சாப்பிடலாம்’ என்ற நம்பிக்கை நகரத்தாரிடம் ஆழமாக இருக்கிறது. உண்மையில் சந்தைக்கு வந்த பழத்தைவிடக் கொடியிலுள்ள பழத்துக்குத்தான் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஏனென்றால் மருந்து தெளித்த பிறகு இத்தனை நாள் கழித்தே அறுவடை செய்ய வேண்டும் என்று ஒரு காத்திருப்புக் காலம் உண்டு, நாம் நிற்கும் வரிசை அதில் எந்த நாளில் இருக்கிறது என்பது தோட்டக்காரருக்கு மட்டுமே தெரியும். பழத்தின் மேல் சாம்பல் பூத்தாற்போல் இருப்பது இயற்கையான மெழுகுப் படலம். அதைக் கண்டு மருந்து என்று பயப்படுகிறவர்கள், இலையிலும் காம்பிலும் நீலம் பாய்ந்து உறைந்திருக்கும் கறையைக் கண்டுகொள்வதில்லை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை விட்டுப்போகும் தடம் அது. பந்தல் காலடியில் காலிப் புட்டி கிடந்தால் அதன் முகப்பிலுள்ள முக்கோணத்தைப் பார்க்கலாம்: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. புட்டியைத் தொடாமல் பார்க்க வேண்டும். குழந்தைகள் அதைப் பொறுக்கி விளையாடாமல் தடுக்க வேண்டும். அன்று காலையில் தெளித்தார்களா என்று நுழையும்போதே கேட்டுவிட்டால், எந்தப் பந்தலுக்குள் போகக் கூடாது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். பறிக்க ஆசையிருந்தால் எடை போட்டு விலை கொடுத்து வாங்கிக் கழுவித் தின்னலாம். ஒரு குலையிலிருந்து நாலு பழத்தைக் கிள்ளினாலே அந்தக் குலை சந்தைக்கு ஆகாது.

வெல்ல ஆலையில் ஆபத்து கண்ணுக்குத் தெரியும், இருந்தும் பிள்ளைகளைக் கொப்பரைக்கு அருகே கூட்டிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். கரும்புச் சாறு கொதித்துப் பாகாகும்போது அதன் சூடு தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டியிருக்கும். தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டு தொடர்ந்து சுடும். பாகு இறக்கும் நேரத்தில் கொப்பரைக்காரர் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்ப்பார். அந்த ஓரிரு நிமிடம் தப்பினால் கொப்பரை முழுவதும் கெடும். சரியாக அப்போதுதான் ‘அண்ணே, இந்தப் பக்கம் பாருங்க’ என்று படம் எடுக்க அழைக்கிறார்கள். பாகை இறக்கிவிட்டு அவரே நம் பக்கம் திரும்புவார்; கேள்விகளை அதுவரை வைத்திருக்கலாம். வாங்கும்போதும் ஒரு தவறு நடக்கிறது. பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கறுத்த வெல்லத்தை மட்டமானது என்று ஒதுக்குகிறார்கள். நிறம் வெளுக்க ‘ஹைட்ரோஸ்’ என்னும் வேதிப்பொருளைச் சேர்க்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அது சேராத வெல்லம் பழுப்பாகத்தான் இருக்கும். வெளுப்பைக் கேட்டு வாங்குகிறவர் இருக்கும்வரை அதைச் சேர்ப்பவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

இத்தனை இடங்களிலும் நம்மால் மிகப் பெரிய இழப்பை உண்டாக்கக் கூடியது கோழிப் பண்ணை. நாமக்கல் வட்டாரத்தில் ஒரே கொட்டகையில் ஆயிரக்கணக்கான முட்டைக் கோழிகள் இருக்கும். வெள்ளைக்கழிச்சலோ பறவைக் காய்ச்சலோ ஒரு கொட்டகைக்குள் நுழைந்தால் நின்ற இடத்தில் நிற்காது. பறவைக் காய்ச்சல் உறுதியானால் அந்தப் பண்ணையின் கோழிகள் அனைத்தையும் அழிக்க வேண்டியிருக்கும். நோய் நடந்து வருவது பெரும்பாலும் மனிதனின் காலணியிலும் வண்டிச் சக்கரத்திலும்தான். வாசலில் கிருமிநாசினி நிரப்பிய தொட்டி இருப்பது அதனால்தான். அதைத் தாண்டிக் குதிப்பதும் ‘ஷூ நனைந்துவிடும்’ என்று சுற்றிக்கொண்டு போவதும் நாகரிகமற்ற செயல்கள் என்பதைவிட ஆபத்தான செயல்கள். வீட்டில் கோழியோ புறாவோ வளர்க்கிறவர், முந்தைய நாள் வேறு பண்ணைக்குப் போனவர், சந்தையில் கோழி வாங்கிவிட்டு வருகிறவர் ஆகியோர் அன்றைக்குப் பண்ணைப் பக்கமே போகக் கூடாது. ஒரே நாளில் மூன்று பண்ணை என்று திட்டம் போடுவது, ஒன்றின் கிருமியை மற்றொன்றுக்குச் சுமந்துபோகும் ஏற்பாடாகிவிடும். பண்ணைக்காரர் உள்ளே விட மறுத்தால் அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. மறுக்கிற பண்ணைதான் ஒழுங்காக நடக்கிற பண்ணை. மாட்டுப் பண்ணைக்கும் கோமாரி நோயைக் கருதி இதே கட்டுப்பாடு பொருந்தும்.

சிவகாசிப் பட்டாசு ஆலைக்குப் போக வழி கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்தான்: போக வேண்டாம். வெடிமருந்து உரிமத்தில் ஓர் அறைக்குள் எத்தனை பேர் இருக்கலாம் என்பதே வரையறுக்கப்பட்டிருக்கிறது. வேடிக்கை பார்க்க வந்தவருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உதவவும் பார்க்கவும் ஓடிவந்தவர்களும் அதில் அடக்கம்.

பேச்சிலும் பணத்திலும் நிகழும் தவறுகளை யாரும் எழுதுவதில்லை. ‘ஒரு நாளைக்கு எவ்வளவு கூலி?’ என்று மேற்பார்வையாளர் நிற்கும்போதே தொழிலாளியைக் கேட்பது இரக்கத்தால் எழும் கேள்வியாக இருக்கலாம். ஆனால் அவர் எந்தப் பதிலைச் சொன்னாலும் அதன் விளைவை நாம் போனபிறகு அவர்தான் சந்திக்க வேண்டும். கொழுந்து கிள்ளும் பெண்களுக்குக் கூலியும் ஊக்கத்தொகையும் பறித்த எடையைச் சார்ந்திருப்பதால், பத்து நிமிடம் நிறுத்திவைத்துப் படம் எடுப்பது அவர்கள் சம்பாத்தியத்தில் கைவைப்பதாகும். ஒருவருக்கு மட்டும் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டிவிட்டு வந்தால், மற்றவர்களோடு அவருக்குப் பிணக்கு மிஞ்சும். அங்கே விளைந்ததை அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்குவது மேலான வழி. அதிலும் கடைவீதியில் பேசுவதுபோல் பாதி விலைக்குக் கேட்பவர்கள் உண்டு என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து ஊர்த் தோட்டத்தையும் மாட்டுத் தொழுவத்தையும் சுற்றிவிட்டுத் திரும்பும் தமிழர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியா போய் இறங்கும்போது நிரப்பும் பயணிகள் அட்டையில், கடந்த 30 நாள்களில் பண்ணைகளுக்கோ பண்ணை விலங்குகளிடமோ சென்றீர்களா என்ற கேள்வி இருக்கிறது. அமெரிக்கச் சுங்கப் படிவமும் பண்ணைக்குப் போனதைப் பற்றிக் கேட்கிறது. மாமாவின் தோப்புக்குத்தானே போனோம் என்று ‘இல்லை’ என்று குறிப்பது தவறு. புறப்படுவதற்கு முன் காலணியின் அடிப்பகுதியில் ஒட்டிய மண்ணைப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, எளிதில் எடுக்கும்படி பெட்டியின் மேல்பக்கம் வைத்துக்கொண்டு, படிவத்தில் ‘ஆம்’ என்று எழுதிவிட வேண்டும். உண்மையைச் சொன்னால் பெரும்பாலும் காலணியை வாங்கிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். மறைத்தது தெரிந்தால் அபராதம் கட்ட நேரிடும்.