மலைக்குச் சைக்கிள் கொண்டுபோக ரேக் வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

காரில் சைக்கிளை மாட்டிக் கொண்டுபோக ரேக் வாங்கப் போகிறவர்கள் சைக்கிளைப் பார்க்கிறார்கள், விலையைப் பார்க்கிறார்கள். காரைப் பார்ப்பதில்லை. சமவெளியில் இது எப்படியோ ஓடிவிடும், நீலகிரியில் ஓடாது. ஊட்டிக்கும் மசினகுடிக்கும் இடையிலான கல்லட்டிப் பாதையில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு திருப்பத்திலும் சைக்கிளின் எடை ரேக்கைப் பக்கவாட்டில் இழுக்கும்.

பலரும் வாங்குவது டிக்கி கதவில் பெல்ட்டால் கட்டும் ரேக். விலை குறைவு, தப்பில்லை. ஆனால் அதன் கொக்கியைப் கதவின் மேல்விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் ஸ்பாய்லரிலோ கண்ணாடி விளிம்பிலோ மாட்டவே கூடாது. கதவின் இரும்புத் தகட்டு விளிம்பில் உட்கார வேண்டும். உங்கள் காரில் அப்படி இடம் இல்லையென்றால் அந்த ரேக் உங்களுக்கானதல்ல. இறுக்கிக் கட்டிய பெல்ட்டும் போகப் போகத் தளரும். மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் போனால், கல்லாறில் வளைவுகள் தொடங்கும் முன் ஒருமுறை, பர்லியாரில் டீக்கு நிறுத்தும்போது ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

அகலத்தை யாரும் யோசிப்பதில்லை, எனக்குப் பெரிய கவலையே அதுதான். பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளின் நீளம் ஏறத்தாழ 1.7 மீட்டர். ஆல்ட்டோவின் அகலம் ஒன்றரை மீட்டர்கூட இல்லை. குறுக்கே மாட்டினால் சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வளைவில் எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடமேது? முன்சக்கரத்தைக் கழற்றிக் காருக்குள் வைத்துவிடுங்கள். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால் பேடுகளுக்கு (டிஸ்க்கை இருபுறமும் அழுத்தும் பிரேக் கட்டைகளுக்கு) நடுவே மடித்த அட்டையைச் செருகுங்கள். தெரியாமல் லீவரை அழுத்தினாலும் பேடுகள் ஒட்டிக்கொள்ளாது.

பின்விளக்கும் நம்பர் பிளேட்டும் மறையக் கூடாது. குன்னூரில் பனிமூட்டம் இறங்கினால் பின்னால் வருபவருக்குத் தெரிவது அந்தச் சிவப்பு விளக்கு மட்டும்தான்.

கூரை ரேக்கில் இந்தத் தொல்லைகள் இல்லை. ஆனால் கூரை எவ்வளவு எடை தாங்கும் என்று காரின் கையேட்டில் பாருங்கள். ரேக்கின் எடையும் அந்தக் கணக்கில் சேரும். கார்பன் ஃபிரேமைப் பிடித்து இறுக்கும் கிளாம்ப் வேண்டாம், விரிசல் விடும். சைக்கிளோடு சேர்ந்த மொத்த உயரத்தை அளந்து ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்; காட்டேஜ் போர்டிகோவுக்குள் நுழையும்போது மேலே சைக்கிள் இருப்பதே மறந்துபோகும்.

டோ ஹிட்ச்சில், அதாவது இன்னொரு வண்டியை இழுக்கக் காரின் பின்னால் பொருத்தும் கொக்கியில், மாட்டுவது உறுதியானதுதான். அதற்காக வெல்டிங் பட்டறையில் ஏதோ ஒரு கொக்கியை அடித்துப் பொருத்தாதீர்கள்.

எந்த ரேக்கானாலும் கடை வாசலிலேயே உங்கள் காரில் மாட்டி, சைக்கிளையும் ஏற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பின்பக்க ரேக் என்றால் டயர் சைலன்சருக்கு நேரே வருகிறதா என்று குனிந்து பாருங்கள். இரண்டாம் கியரிலேயே ஏறும் மலைச்சாலையில் அந்தப் புகைச்சூடு டயரைக் கெடுத்துவிடும்.